நீட்டிய கால்

பதினொரு வயது மகளிடமிருந்து பிடுங்கிய போனைச் செண்பகவல்லி தான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கே கொண்டுவந்திருந்தாள். காலையிலிருந்து நின்றே புடவை விரித்துக் காட்டுகிறவர்களுக்கு, மதியம் மாடிப்படியில் அரை மணி நேரம்தான் உட்காரக் கிடைக்கும். டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் போன் அதிர்ந்தது. ரோஜாப்பூப் படம், 'நிலா அக்கா' என்று பெயர். மகள் ஒரு மாதமாக ஒளிந்து ஒளிந்து பேசியது இந்த அக்காவோடுதான். அக்காவாம்! எந்தத் தடியனோ. பேச்சுக் கொடுத்துப் பிடித்து போலீசில் ஒப்படைத்துவிட வேண்டுமென்று, மகளைப் போலவே பதில் போட்டாள்.

"சாப்ட்டியா செல்லம்?" என்று வந்திருந்தது.

"இல்ல."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

பொய் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. "கால் வலிக்குது" என்று தட்டினாள்.

"அச்சோ. கால நீட்டி உக்காரு. அம்மாகிட்ட சொன்னியா?"

போன வாரம் மகள் இதையேதான் வந்து சொன்னாள். "நாள் பூரா நிக்கிறவ நானு, உனக்குக் கால் வலியா?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டது நினைவுக்கு வந்தது.

"சொன்னேன்" என்று அனுப்பினாள்.

"திட்டுனாங்களா? விடுடா, நான் இருக்கேன்ல. எங்க, ஒரு போட்டோ அனுப்பு பாக்கலாம். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

ஆள் சிக்கிவிட்டான். மேலே மணி அடித்தது. மற்ற பெண்கள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அவன் சொன்னபடி எப்போது நீட்டினாளோ, இரண்டு கால்களும் படியில் நீண்டு கிடந்தன. மடக்க மனம் வரவில்லை.