பதினாலாம் பக்கம்

மெக்சிகோ நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஒஃபேலியாவுக்கு இன்று பணி ஓய்வு விழா. முப்பது வருடங்களுக்கு முன் அவரும் சக பேராசிரியர் ஆன்செல்மோவும் சேர்ந்து நிறுவிய தேற்றம்தான் அவருக்கு வேலையும் பெயரும் தந்தது. அதன் நிரூபணத்தின் பதினாலாம் பக்கத்தில் ஒரு படியை விளக்காமல், 'இது தெளிவு' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். விழா உரைக்காக அந்தப் படியை விளக்கப் பார்த்தார். மூன்று வாரமாக வரவில்லை.

விழாவுக்கு அழைத்துப்போக அரங்கை ஒட்டிய அறைக்கு வந்த ஆன்செல்மோவிடம் அந்தப் பக்கத்தை நீட்டினார்.

"இதை நீதானே சரிபார்த்தே?"

"நானா? நல்லா கேட்டே போ! நீ பார்த்துட்டேன்னு நெனச்சுல்ல நான் கையெழுத்துப் போட்டேன்" என்று சிரித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது.

"இதை நம்பி எத்தனை பேர் பட்டம் வாங்கியிருக்காங்க, ஆன்செல்மோ?"

அரங்கில் ஒஃபேலியாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். ஆன்செல்மோ போய் அறைக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.