சுண்ணாம்பாய் வெளுத்த பசை

ரோதோப்பி மலையடிவாரத்துத் தச்சுப்பட்டறைக்குள் ஜனவரிக் காலை வெளிச்சம் சாம்பலாய் இறங்குகிறது. மேஸ்திரி ஸ்தோயன்கா, இன்று லாரியேற வேண்டிய குழந்தைத் தொட்டில்களில் ஒன்றை அசைத்துப் பார்க்கிறாள். கால் கழன்று கையோடு வருகிறது. நேற்று மாலை மூட்டில் வைத்த வெள்ளைப் பசை கண்ணாடிபோல் காயாமல் சுண்ணாம்பாய் வெளுத்து, நகம் பட்டதும் உதிர்கிறது. குளிரில் காய்ந்தால்தான் இப்படிப் பொடியும். அவள் பார்வை, இரவெல்லாம் பட்டறை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் கிழவர் க்ரும் மேல் போய் நிற்கிறது. "ராத்திரி நல்ல தூக்கமோ, அண்ணே?" "பொட்டுக் கண்ணு மூடலம்மா. அடுப்பத் தொட்டுப் பாரு." "விடியக்காலையில மூட்டியிருந்தாலும் சுடத்தான் செய்யும்." சாம்பல் தட்டை இழுக்கிறாள், விளிம்புவரை நிறைந்திருக்கிறது. நம்பாமல் குச்சியால் கிளறுகிறாள். முந்தாநாள் சாம்பலாகவும் இருக்கலாமே. அப்போது பிடரியில் சில்லென்று காற்று படுகிறது. தொட்டில்களுக்கு நேர் மேலே ஜன்னல் விரற்கடை திறந்திருக்க, உள்விளிம்பில் பனி கோடாய்ப் படிந்திருக்கிறது. இடுக்கில் ஒரு பலகைத் துண்டு. க்ருமின் புகையிலை நாற்றம் தாங்காமல் நேற்று அவளே செருகியது. கிழவர் எழுந்து போய் அதை உருவி, ஜன்னலைச் சாத்தி, துண்டை அவளிடம் நீட்டுகிறார். "அடுப்புல போட்டுடட்டுமா, இல்ல நீயே வச்சுக்கிறியா?"