கோடைக்கு மூன்று வரி

"சிஸ்டர்... தண்ணி."

கட்டிலில் கிடந்தவன் கூப்பிட்டது நர்ஸை இல்லை, கட்டின மனைவியை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும்போது இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து தலையில் அடி. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பெற்ற அம்மாவை அடையாளம் தெரிந்தது. மேஸ்திரி வந்தபோது சிரித்தான். மனைவியை மட்டும் தெரியவில்லை. நாற்பது நாளாக அவள் அவனுக்கு சிஸ்டர்தான். ஒரே ஒரு தடவை அவள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் அவள் ராத்திரி பகலாக அந்த அறையிலேயே கிடந்தாள்.

"ஏம்மா, முதல்ல ஸ்வீட் வாங்கிட்டு வாங்க!"

ஞாபகப் பயிற்சி கொடுக்கிற மேடம் தாள்களை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஜப்பான்காரர்கள் பாணியில் மூன்றே வரி, ஒரு பருவத்துக்கு ஒரு கவிதை, அதில் மனசுக்குப் பிடித்தவர் வர வேண்டும் என்று போன வாரம் அவனிடம் நான்கு தாள் கொடுத்திருந்தார்.

"உங்களை மறக்கல அவரு. கேளுங்க, இது மழைக்காலம்."

*ஒரே குடை
நனைந்தபடியே வந்தது
உன் இடது தோள்*

"அடேயப்பா! லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குள்ள இப்படி ஒரு ஆளா? சொல்லவே இல்லையே!"

"எனக்கே தெரியாது மேடம்" என்றாள் அவள்.

மூலையில் இருந்த மாமியார், ஏற்கெனவே மடித்து வைத்த போர்வையை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

"இது பனிக்காலம்."

*பனிக் காலை
உன் கையுறை ஒன்று
இன்னும் என் பையில்*

"அந்தக் கையுறை பத்திரமா இருக்கா?"

"இருக்கு மேடம். அவர் கோட்டுப் பையில பார்த்தேன்."

"அடுத்தது வசந்தம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது."

*நீ மிதித்துப் போன பூக்கள்
பெருக்க மனமில்லை
துடைப்பத்தோடு நிற்கிறேன்*

"போதும் மேடம், அவன் தூங்கட்டும்" என்றாள் மாமியார். மருமகள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மருமகளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மேடம் அவள் தோளைத் தட்டினார்.

"அழுது தீர்த்துடுங்கம்மா. நாற்பது நாள் பட்டது போதும். இவ்வளவு ஆசையை உள்ள வச்சிருக்கிற மனுஷன், நாளைக்கே பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு பாருங்க."

"நாலு தாள் கொடுத்தீங்களே மேடம்?"

"கோடைதானே? அது வெத்துத் தாள். ரெண்டு மணி நேரம் பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு, ஒரு எழுத்துகூட வரல. அடிபட்டது கோடையில இல்லையா, அதான் அதை மட்டும் மூளை துடைச்சுப் போட்டிருக்கு. போகட்டும் விடுங்க. மூணு காலம் கிடைச்சாச்சு, ஒண்ணு போனா என்ன குடி முழுகிடப் போகுது?"

"அதை நான் வச்சுக்கலாமா?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவிதையை எல்லாம் விட்டுட்டு வெத்துத் தாளைக் கேக்குறீங்களே! அதுல ஒண்ணுமே இல்லையேம்மா?"

அவள் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது ஒண்ணுதான் மேடம் என்னைப் பத்தினது. எங்களுக்குக் கல்யாணம் ஆனதே இந்தக் கோடையிலதான். அதுக்கு முன்னாடி இவர் முகத்தைக்கூட நான் பார்த்தது கிடையாது."