காப்பிக்கொட்டை நிறச் சஃபாரி

வாட்ச்மேன் எழுந்து நின்றதும், தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் போல என்று அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

பின்னால் யாரும் இல்லை.

நேற்று இதே ஆள்தான், "நாலு மணிக்கு மேலதான் உள்ள விடுவோம். போப்பா அங்கிட்டு" என்று விரட்டியவர். இன்று ஆஸ்பத்திரி கேட்டை அகலத் திறந்துவிட்டு நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்.

அவனுக்கு அப்போதும் புரியவில்லை. சரியாகத் தூங்கி நாளாகிவிட்டது.

வராந்தாக் கண்ணாடிக் கதவில் சஃபாரி சூட் போட்ட ஒருத்தன் எதிரே வந்தபோதுதான் விஷயம் உறைத்தது.

அட, நான்தானா.

காப்பிக்கொட்டை நிறம். நான்கு பைகள். நாய்க்காது மாதிரி இரண்டு பக்கமும் விழுந்து கிடக்கும் காலர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய துணிக் குவியலின் அடியிலிருந்து இதை உருவி எடுத்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவன் அப்படித்தான். பெல்பாட்டம் என்றால் உயிர். அப்பா காலத்துப் பையன்கள் கழற்றிப் போட்டதையெல்லாம் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு, தெருவில் நடந்து, சிரிக்கிறவர்களைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டுப் போவான்.

அம்மாவுக்குத்தான் ஆகாது.

"எவன் செத்து எவன் தூக்கிப் போட்டதோ" என்று வேப்பிலை போட்ட வெந்நீரில் இந்தச் சஃபாரியை முக்கி முக்கி எடுத்தாள். திட்டிக்கொண்டேதான் தேய்த்தும் வைத்தாள்.

படியில் வழுக்கி அவள் காலை முறித்துக்கொண்ட பிறகு வீட்டில் துணி துவைக்க ஆளில்லை. இன்று காலை கொடியில் சுத்தமாகத் தொங்கியது இது ஒன்றுதான். மாட்டிக்கொண்டு, கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பேஷன் பற்றி நினைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

சஃபாரி என்றால் அரசாங்கக் கட்டடங்களுக்கு ஒரு பயம் உண்டு. மந்திரிக்கு முன்னால் வருகிறவனா, பின்னால் வருகிறவனா என்று தெரியாத பயம்.

வார்டில் இடம் இல்லை. அம்மா வராந்தாவில், பாயில் கிடந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் தரையில் கட்டை மாதிரி நீண்டிருந்தது. ஒரு கட்டிலுக்காக, நேற்று உள்ளே விட்டதிலிருந்து அவன் கெஞ்சாத ஆளில்லை.

நர்ஸ் வேகமாக வந்தார். நேற்று இவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பான். அப்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றும் பார்க்கவில்லை. காலரைத்தான் பார்த்தார்.

"சார், இப்பத்தான் ஒரு கட்டில் காலியாச்சு. இந்தம்மாவுக்குத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவன் வாயைத் திறக்கவில்லை. பயமாக இருந்தது. திறந்தால் தன் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மா கண் விழித்தாள். அவனைப் பார்த்தாள். சஃபாரியைப் பார்த்தாள். அவன் பெயரைச் சொல்ல உதடு பிரிந்தது.

பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

மெல்ல இரண்டு கையையும் எடுத்து அவனைக் கும்பிட்டாள்.

"வணக்கம் சார்."



கட்டில் வந்தது. வார்டுக்குள் போட இடமில்லாமல், வராந்தாவிலேயே அதே சுவரோரமாகப் போட்டார்கள். இரண்டு பேர் அவளைத் தூக்கும்போது அம்மா முனகினாள். அவன் கை தானாக நீண்டது.

"நீங்க விடுங்க சார், அவங்க பாத்துக்குவாங்க" என்றார் நர்ஸ்.

கையை இழுத்துக்கொண்டான்.

"ஏம்மா, கூட ஒரு பையன் இருந்தான்ல? எங்க அவன்?"

"எங்கிட்டாவது பழந்துணி பொறுக்கப் போயிருப்பான்" என்றாள் அம்மா. "கஞ்சி கொண்டாருவான். நல்ல பையன்."

அவன் கையில் தூக்கு கனத்தது. சஃபாரி போட்ட ஆபீசர் எந்த ஊரில் கஞ்சி ஊட்டுவார்? நேற்று ராத்திரியிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. எட்டிவிடும் தூரம்தான். உட்கார முடியவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு கை நீண்டது.

குருவம்மா. பக்கத்துப் பாய்க்காரி. அவளுக்கும் கால்தான். அம்மாவுக்கு முன்னாலேயே வந்து தரையில் கிடக்கிறவள். நேற்று அவனைத் 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டு, தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தவள்.

அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் கட்டில் போய்விடும்.

"அந்தத் தம்பி குடுத்துவிட்டுச்சா சார்?" என்றாள் குருவம்மா. "இங்கிட்டுக் குடுங்க. நான் ஊட்டிவிடுறேன்."

தூக்கை வாங்கிக்கொண்டு, மாவுக்கட்டுக் காலை இழுத்து இழுத்து, கட்டில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து கஞ்சியைக் கலக்கினாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மா வாய் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டாள்.

வேலை முடிந்தது என்று நர்ஸ் திரும்பினார். அவனும் போய்விடலாம். இத்தோடு போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

அவன் போகவில்லை. திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"சிஸ்டர்" என்றான். குரல் லேசாக நடுங்கியது. குருவம்மாவைக் கைகாட்டினான். "இந்தம்மாவுக்கு எப்பக் கட்டில்?"