வீங்கின காலையும் எடு

ஓணான்களின் உடற்கட்டு மோகம் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக அணில் தகவல் திரட்டிக்கொண்டிருந்தது. போட்டிக்கு முந்திய நாள், சென்ற ஆண்டு பட்டம் வென்ற ஓணானை வேலியில் போய்ப் பார்த்தது. நரம்பு புடைத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓணான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தது. தம்பி அதன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த மார்பு தண்டால் எடுத்தே வந்ததா?" என்று அணில் கேட்டது.

இன்னும் எண்ணெய் வேண்டும் என்று தம்பியை அனுப்பிவிட்டு ஓணான் பேசியது. "வேலியில இருக்கிற எல்லாருந்தான் தண்டால் எடுக்கிறாங்க. இது ஊசி போட்டு வந்தது. சிறுநீரகம் போயிருச்சு. மேடையில நிக்கிறதை மட்டும் எடுக்காதே, வீங்கின காலையும் எடு. நான் சொன்னா, நான் மட்டும் ஜெயிக்கணும்னு பேசுறேன்னு என் தம்பி நினைக்கிறான். படத்துல பார்த்தா ஊசியைத் தொடமாட்டான்."

அணில் வாக்குக் கொடுத்தது. அதைக் காப்பாற்றவும் செய்தது.

ஓணான் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. படத்தை அதே வேலியோரம் திரையிட்டார்கள். வீங்கிய கால்கள், பெயர் மறைத்த ஊசி மருந்துக் குப்பி, கடைசி மூச்சு எல்லாம் அதில் இருந்தன. முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அணிலிடம் வந்தது.

"அண்ணன் மேடையில எப்படி நின்னுச்சு பார்த்தீங்களா!" என்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அந்தக் குப்பியில பேரை மட்டும் ஏண்ணே மறைச்சீங்க? எனக்காவது சொல்லுங்க."