நீலத்தொப்பிக்கு வெற்றிலை பாக்கு

“மாமன் மாலை போட ஆளில்லாம நான் மணமேடை ஏற மாட்டேன்ப்பா.”

பவித்ரா சொன்னது பொன்னழகுவின் காதில் விழுந்தது. கண் மட்டும் கம்ப்யூட்டர் திரையை விட்டு அசையவில்லை.

“செத்த நேரம் சும்மா இரு. கோட்டை வாசல்ல சூனியக்காரன் படை நிக்குது.”

பொன்னழகு தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். விளையாடுவதற்குக்கூடச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவார். பொழுது போகட்டும் என்று அந்த ஆன்லைன் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவள் பவித்ராதான். அதில் அவர் மஸ்கட்டியர் படைத் தளபதி. இறகு வைத்த தொப்பி, நீளத் துப்பாக்கி, இடுப்பில் வாள். எல்லாரும் புனைபெயரில் உலவும் அந்த ராஜ்யத்தில் அவர் மட்டும் ‘திண்டுக்கல் பொன்னழகு’ என்றே நின்றார்.

“பேரை ஒளிக்கிறவன் நம்ம வகையறாவுல கெடையாது” என்பார்.

திரையில் நீலத்தொப்பி அணிந்த வீரன் ஒருவன் கோட்டை வாசலில் ஒதுங்கி நின்றான். குண்டு மழையாகப் பொழிந்தது. அவன் நகரவில்லை.

“அந்த நீலத்தொப்பி ஏம்ப்பா உள்ள போகாம குண்டு வாங்குறாரு? நெட் மாட்டிக்கிச்சா?”

“நான் நுழையாம அவரு நுழைய மாட்டாரு. ரெண்டு வருசமா அப்படித்தான். மரியாதை தெரிஞ்ச மனுசன். ஒங்க மாமனும் இருக்கானே!”

“என் தம்பிய இழுக்காட்டி ஒங்களுக்குத் தூக்கம் வராதே” என்று அடுப்படியிலிருந்து மனைவி மகேஸ்வரியின் குரல் வந்தது.

அவள் தம்பி மோகன்குமாருக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று அக்கா புருஷனுக்கு விழ வேண்டிய முதல் மாலையை, அவசரத்தில் ஒரு கேரள வியாபாரியின் கழுத்தில் போட்டுவிட்டார். பொன்னழகு பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பவித்ராவுக்குக் கல்யாணம்.

‘வெத்தலை பாக்கு வச்சு, அவர் வாயால அழைச்சா வாரேன்’ என்று மோகன்குமார் சொல்லியனுப்பினார்.

‘அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்’ என்று பொன்னழகு பதில் சொல்லியனுப்பினார்.

இரண்டு பேருக்கும் நடுவில் தவித்தது மகேஸ்வரிதான். தாய்மாமன் இல்லாத மேடையை ஊர் என்ன சொல்லும்?

பவித்ராவிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன வாரம் மண்டிக்குப் போனவள், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே மாமா கம்ப்யூட்டரில் மூழ்கியிருப்பதைப் பார்த்தாள். திரையில் நீலத்தொப்பி! மாமா அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினார்.

“அப்பங்கிட்ட சொல்லிப் போடாத கண்ணு. சும்மா விளையாடப் போனேன். அங்க உங்கப்பன் பேரைப் பாத்தேன். விட்டுட்டுப் போக மனசு வரல.”

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவள் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டை பிடிபட்டது. பொன்னழகு நிமிர்ந்தார்.

“மாலை போட ஆளில்லன்னுதானே அழுவுற? நீலத்தொப்பிய அழைக்கிறேன். மாமனா நின்னு அவரு போடட்டும்.”

பவித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தைத் திருப்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

“மொகம் தெரியாத ஆளா எம்மகளுக்கு மாமன் மாலை போடுறது?” மகேஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள். “ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?”

“போர்ல எனக்காகக் குண்டு வாங்குனவரு. அதுக்கு மேல என்ன மொகம் வேணும்?”

பொன்னழகு முறைப்படியே செய்தார். அரசன் முன்னால்கூடக் கழற்றாத இறகுத் தொப்பியைத் திரையில் கழற்றினார். காயத்துக்குப் போடும் பச்சிலை, இரண்டு காட்டுக் கொட்டை, ஒரு பழம் எல்லாவற்றையும் நீலத்தொப்பியின் முன்னால் எடுத்து வைத்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார்.

‘எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க குடும்பத்தோட வரணும். மாமன் மாலை உங்க கையால விழணும்.’

நீலத்தொப்பி சிலைபோல நின்றான். கொடி மட்டும் காற்றில் ஆடியது.

நீலத்தொப்பி மெல்லக் குனிந்து பச்சிலையை எடுத்தான். எழுத்துகள் வந்தன.

‘கட்டாயம் வாரேனுங்க.’

“அப்பா! வாக்குக் குடுத்துட்டீங்க. மாற மாட்டீங்களே?”

“பொன்னழகு சொன்ன சொல்லு மாறி எப்பப் பாத்த?”

“அப்பச் சரி. அந்த நீலத்தொப்பி யாரு தெரியுமா? நம்ம மோகன்குமார் மாமா! நல்லா மாட்டுனீங்களா?”

மகேஸ்வரியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. பவித்ரா கைதட்டிக் குதித்தாள். பொன்னழகு கம்ப்யூட்டரை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.

“மெதுவாப் பேசு. குண்டே விழுந்தாலும் அக்கா புருசனுக்கு முன்னால வாசப்படி மிதிக்காதவன் இந்த ஜில்லாவுல வேற எவன் இருக்கான்? வந்த மொத நாளே கண்டுக்கிட்டேன். எனக்குத் தெரியும்ங்கிறத மட்டும் அவங்கிட்டச் சொல்லிறாத.”