நீலக் கார்

வயிறு வலிக்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே இல்லை. முதலில் அண்ணனை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பவேண்டும்.

புதன்கிழமை வேலைக்காக வேறு ஊர் போகிறவன், துணிமணியை மடிக்காமல் காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் ஆடிய பழைய வீடியோ கேம் ஃபைல்கள், முந்நூற்றுச் சொச்சம். எல்லாவற்றுக்கும் கன்னாபின்னாவென்று பெயர். ‘ஃபுட்-ஃபைனல்-புதுசு-3’ என்று இருந்தால் ‘கால்பந்து’ என்று மாற்றுவான். ஒரே கேம் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை இரக்கமே இல்லாமல் அழிப்பான்.

“கார் ரேஸ் மட்டும் ஏன் ரெண்டு வச்சிருக்க? ஒரே கேம், ஒரே சைஸ்!” என்றாள் தோளுக்குப் பின்னால் நின்ற தங்கை. பதினாலு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

“இருக்கட்டும் விடு.”

“ஓஹோ, சட்டமெல்லாம் மத்த கேமுக்குத்தானா?”

“வாலு, போய் வேற வேலையைப் பாரு.”

வாலு தொண்டையைச் செருமி அப்பாவாக மாறினாள். “எந்நேரமும் இந்தப் பொட்டி முன்னாடி! ஒன்பதாம் வகுப்புல கணக்குல கோட்டை விட்டியே, மறந்துட்டியா? நோட்டு நோட்டா நம்பர் எழுதினியே, அதுல ஒண்ணாவது பாடத்துல இருந்துச்சாடா?”

அவளுடைய மிமிக்ரியிலேயே ரொம்ப நாளாக ஓடுகிற ஐட்டம் அது. அப்பா மூச்சு வாங்கும் இடம்கூட அப்படியே வரும். அண்ணன் வழக்கம்போலச் சிரித்துவைத்தான்.

அடுத்து ஹாலில் மாடிப்படியருகே போய், மேலே இருந்த அம்மாவானாள். “டேய் பெரியவனே! பீரோவை நகர்த்தணும், ஒரு கை கொடு!”

“இதோ வரேம்மா!”

அண்ணன் மாடிவரை ஏறி, “எந்த பீரோம்மா?” என்று கேட்டு, “என்னடா உளர்ற?” என்று வாங்கிக்கட்டிக்கொண்டு இறங்க மூன்று நிமிஷம் ஆனது. வாலுவுக்கு அது போதும். பட்டியலில் பக்கத்துப் பக்கத்து ஃபைல்களின் பெயர்களை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே போனாள். மல்யுத்தம் என்று திறந்தால் எழுத்து சொல்லித்தரும் வாத்து வரும். கால்பந்து என்று திறந்தால் கோலம் போடும் கரடி வரும். போகிற வேகத்தில் ‘கார் ரேஸ் 1’, ‘கார் ரேஸ் 2’ பெயர்களும் மாறிப்போயின. இரண்டும் ஒரே கேம்தானே, போனால் போகட்டும்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“மல்யுத்தம் போடுண்ணா.”

“வேண்டாம். உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். இந்த கம்ப்யூட்டரையும் தூக்கிட்டுப் போன்னு அம்மா சொல்றாங்க. இருந்தா நீ படிக்கமாட்டியாம்.”

வாலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. “அண்ணா, ப்ளீஸ்ணா! இதுலதானே நாம ரெண்டு பேரும்...”

“அழாத. பந்தயம் வச்சுக்குவோம். கார் ரேஸ்ல ஜெயிக்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

வாலு துள்ளிக் குதித்தாள். ஒன்பது வருஷத்தில் அண்ணன் அவளைக் கார் ரேஸில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அவளுக்குச் சிவப்புக் கார், அவனுக்கு நீலக் கார். அது என்றைக்கோ முடிவான விஷயம்.

எப்போதும் ஆடும் ‘கார் ரேஸ் 2’வை அண்ணன் திறந்தான். கொடி இறங்கியது. நீலக் கார் பிய்த்துக்கொண்டு பறந்தது.

வாலு பட்டனை நசுக்கினாள். ஊஹூம். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தால் ஜெயிக்கிறவன் முகமாக இல்லை. பேய் அறைந்த மாதிரி இருந்தது. வளைவில் வேண்டுமென்றே சுவரில் மோதினான். பிரேக் போட்டான். அப்படியும் நீலக் கார்தான் முதலில் வந்தது.

“வாலு... ஃபைல்ல கை வச்சியா?”

“சேச்சே!”

“இது செல்லாது. இன்னொரு தடவை ஆடுவோம். இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

ஜெயித்தவன் எதற்குச் செல்லாது என்கிறான்? இப்போது ‘கார் ரேஸ் 1’ என்ற பெயரில் இருந்த மற்ற ஃபைலை வாலு திறந்தாள். முதல்முறையாக நீலக் காரை எடுத்தாள். பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அது கட்டை வண்டி மாதிரி உருண்டது. சிவப்புக் காரை எடுத்தாள். பறந்தது.

ஃபைலின் தேதியைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. அவள் கால் உடைந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மாதம். தோற்றுத் தோற்று அழுதவள், ஒருநாள் திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்த மாதம். கணக்குப் பரீட்சை மாதமும் அதுதான். நோட்டு நோட்டாக நம்பர், நீலக் காரின் வேகத்தைச் சிவப்புக் காருக்கு மாற்ற.

சிரிக்கவேண்டிய இடம் வந்துவிட்டது. வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா குரல், அம்மா குரல், எந்தக் குரலுமே வரவில்லை.

பெயர்களை ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றி, ‘கார் ரேஸ் 2’வைத் திறந்துவைத்தாள். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, ‘கார் ரேஸ் 2’ திறந்திருப்பதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்தான்.

“ஆரம்பிக்கலாமா?”

“ம். ஆனா இந்தத் தடவை நீலக் கார் எனக்கு.”